சம்பளப் புத்தகம் திறந்திருந்தது, விலைப் புத்தகம் மூடியிருந்தது: ஜான் மேக்கியின் கடையும் கோலாலம்பூர் மளிகைக் கடைகளும்

"சம்பளத்தைக் கூட்டினால் விலை ஏறும், விலையைக் குறைக்கச் சொன்னால் ஆளைக் குறைக்க வேண்டும்." கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸிலும் செந்தூலிலும் மளிகைக் கடை நடத்துகிறவர்கள் இதைச் சொல்லி நான் கேட்காத வருடம் கிடையாது. கொள்முதல் வேலையில் இருப்பதால் கடை முதலாளிகளிடமும் பேசுகிறேன், கல்லாவில் நிற்கிற பிள்ளைகளிடமும் பேசுகிறேன், இரண்டு பக்கமும் இதை ஏதோ இயற்கை விதி போலத்தான் நம்புகிறது. 2025 பிப்ரவரி 1ஆம் தேதி குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ரிங்கிட்டிலிருந்து 1,700 ஆனபோது அந்தப் பேச்சு இன்னும் சத்தமாகக் கேட்டது. அதை ஒரு உண்மையான கடையின் வரலாற்றோடு வைத்துப் பார்க்கலாமே என்றுதான் இந்த ஆய்வு. நான் எடுத்துக்கொண்டது அமெரிக்காவின் ஹோல் ஃபுட்ஸ் மார்க்கெட், அதை 1978இல் சின்னதாகத் தொடங்கி 2022 வரை தலைமையில் இருந்த ஜான் மேக்கி. வேலையிடம் எப்படி இருக்க வேண்டும், உணவு என்ன விலைக்கு விற்க வேண்டும், இந்த இரண்டைப் பற்றியும் அவரளவுக்கு வெளிப்படையாகப் பேசிய மளிகைக்காரர்கள் குறைவு. அவர் பேசியதில் பாதி நமக்கு அப்படியே வேண்டும். மீதிப் பாதியில் எங்கே தவறினார் என்று பார்த்தால் நம் கடைகளின் சிக்கலும் அங்கேயேதான் இருக்கிறது.

முதலில் கதைச் சுருக்கம். டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில், 25 வயதில், தோழி ரெனே லாசனோடு சேர்ந்து, குடும்பத்திலும் நண்பர்களிடமும் 45,000 டாலர் திரட்டி ஒரு சைவக் கடை போட்டார் மேக்கி. குடியிருப்பும் கடையிலேயே. 1980இல் இன்னொரு கடையோடு இணைந்து ஹோல் ஃபுட்ஸ் என்ற பெயரில் 19 ஊழியர்களோடு திறந்தார்கள். அடுத்த வருடமே ஆஸ்டினில் பெருவெள்ளம் வந்து கடை மூழ்கியது. சரக்கும் சாமானும் போனதில் நஷ்டம் சுமார் 4 லட்சம் டாலர், காப்புறுதி கிடையாது. அக்கம்பக்கத்தாரும் வாடிக்கையாளர்களும் துடைப்பமும் வாளியுமாக வந்து கழுவினார்கள், சப்ளையர்கள் கடனுக்குத் தவணை கொடுத்தார்கள், 28 நாளில் கடை மறுபடி திறந்தது. வாடிக்கையாளர், ஊழியர், சப்ளையர், முதலீட்டாளர், ஊர் எல்லாரும் சேர்ந்ததுதான் ஒரு கடை என்ற மேக்கியின் கொள்கைக்கு அந்த வெள்ளம்தான் வேர் என்று அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். ஷா ஆலத்தின் ஸ்ரீ மூடாவில் 2021 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த நமக்கு இந்த இடத்தை விளக்க வேண்டியதில்லை.

வேலையிடத்தில் அவர் செய்தவை

இங்கேதான் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் "ஊழியர்களைக் குடும்பம் மாதிரி பார்க்கிறோம்" என்று சொல்வதற்கும் மேக்கி செய்ததற்கும் நிறைய தூரம்.

ஹோல் ஃபுட்ஸ் கடை ஒவ்வொன்றும் குழுக்களாகப் பிரிந்திருந்தது. காய்கறி, மீன், ரொட்டி, கல்லா என்று ஒவ்வொன்றும் ஒரு குழு. புதிதாக ஆள் எடுத்தால் சில வாரம் தற்காலிகமாக வேலை பார்ப்பார், பிறகு அந்தக் குழுவில் இருப்பவர்கள் வாக்களிப்பார்கள், மூன்றில் இரண்டு பங்கு பேர் சரி என்று சொன்னால்தான் நிரந்தரம். ஏன் அவர்கள் கையில் அந்த முடிவு? குழுவுக்கு ஒரு கூலிச் செலவு இலக்கு கொடுக்கப்படும். அதைவிடக் குறைந்த செலவில் அதிக விற்பனை செய்தால், மிச்சப்பட்டது அந்தக் குழுவுக்கே, அவரவர் வேலை பார்த்த மணிக்கணக்குப்படி பிரித்துக் கொடுக்கப்படும். வேலை தட்டிக்கழிக்கிறவர் ஒருவர் உள்ளே வந்தால் நஷ்டம் முதலாளிக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நிற்கிறவருக்கும்தான். ஆகவே யாரைச் சேர்ப்பது என்பதில் அவர்களுக்கு அக்கறை தானாக வந்தது. இதில் ஒரு கெடுதியும் உண்டு. பங்கு குறையுமே என்று ஆள் பற்றாக்குறையிலேயே குழு ஓட்டப் பார்க்கும், உடம்பு முடியாத ஒருவரைப் பாரமாகப் பார்க்கும். அதை மறைத்து இந்த முறையைப் புகழ எனக்கு விருப்பமில்லை.

அப்புறம் சம்பளப் புத்தகம். 1986இலிருந்து, கம்பெனியில் யார் எவ்வளவு வாங்கினார்கள் என்பதை எந்த ஊழியராலும் கேட்டுப் பார்க்க முடிந்தது, தலைமை அதிகாரியின் சம்பளம், போனஸ் உட்பட. "அவருக்கு ஏன் அவ்வளவு?" என்று யாராவது வந்து கேட்டால் கோபப்படாமல் காரணம் சொல்வதுதான் மேலாளரின் வேலை, அவர் செய்ததை நீ செய்தால் உனக்கும் அதே சம்பளம் என்று சொல்ல முடிய வேண்டும், அப்படிச் சொல்ல முடியாத சம்பளத்தைக் கொடுக்கவே கூடாது, இதுதான் மேக்கியின் வாதம். மேல்மட்டச் சம்பளத்துக்கும் உச்சவரம்பு வைத்தார்கள். சராசரி ஊழியர் வாங்குவதைப் போல இத்தனை மடங்குக்கு மேல் கிடையாது. அந்த மடங்கு காலப்போக்கில் ஏறி 2006இல் 19 ஆனது. அதே வருடக் கடைசியில், இனி தனக்கு ஆண்டுச் சம்பளம் 1 டாலர் போதும் என்று மேக்கி அறிவித்தார்.

இதை கோலாலம்பூரில் யோசித்துப் பாருங்கள். நம்மிடம் சம்பளம் என்பது உறைக்குள் வைத்துக் காதோடு சொல்லிக் கொடுக்கிற விஷயம், "மற்றவர்களிடம் சொல்லாதே" என்ற வரியோடு. எனக்குத் தெரிந்த ஒரு பெரிய கடையில் பதினோரு வருடம் நின்ற ஒரு அக்கா, நேற்று வந்த பையன் தன்னைவிட அதிகம் வாங்குகிறான் என்பதை ஒரு சம்பள ரசீது தவறுதலாக அவர் கையில் வந்து சேர்ந்தபோதுதான் தெரிந்துகொண்டார். அவரைக் காயப்படுத்தியது தொகை அல்ல. இத்தனை வருடம் தனக்குத் தெரியாமல் வைத்திருந்தார்களே என்பதுதான். அந்த மாதமே வேலையை விட்டார். அந்த அக்காவுக்குத் தெரிந்த வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் கூடவே போனார்கள் என்று கடைக்காரர் கணக்கு போட்டிருக்கமாட்டார்.

மேக்கியை முழுக்க ஏற்றுக்கொள்ளவும் முடியாது. தொழிற்சங்கம் என்றாலே அவருக்கு ஆகாது. 2002இல் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் கடை ஊழியர்கள் சங்கத்துக்கு வாக்களித்தார்கள், அது நிலைக்கவில்லை. முதலாளி நல்லவராக இருக்கும்வரை சங்கம் தேவையில்லை என்பது அவர் எண்ணம். முதலாளி மாறினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இருக்கவில்லை.

விலையைப் பற்றி அவர் சொன்னவை

ஹோல் ஃபுட்ஸுக்கு அமெரிக்காவில் "ஹோல் பேசெக்" என்று பட்டப்பெயர், உள்ளே போனால் முழுச் சம்பளமும் போய்விடுமாம். மேக்கிக்கு இது பிடிக்கவே பிடிக்காது. அவர் சொன்ன வாதங்களைத் தொகுத்தால் இப்படி வரும்: ரசாயனம் குறைவாகப் போட்டு வளர்த்த பொருளையும் சாதாரணப் பொருளையும் ஒரே தராசில் வைத்து விலை பேசக்கூடாது, அரிசி பருப்பு வாங்கிச் சமைத்தால் நல்ல சாப்பாடு மலிவுதான், அப்புறம் அமெரிக்கர்கள் உணவுக்குச் செலவிடும் பங்கு முந்தைய தலைமுறையைவிட வெகுவாகக் குறைந்துவிட்டது, ஆகவே தரத்துக்குக் கொஞ்சம் கூடுதல் கொடுக்க அவர்களால் முடியும். கடைசி வாதத்துக்குப் புள்ளிவிவரம் துணை நிற்கிறது. 1960இல் அமெரிக்கக் குடும்பங்கள் கையில் வரும் வருமானத்தில் சுமார் 17% உணவுக்குக் கொடுத்தன, 2000க்குப் பிறகு அது 10%ஐ ஒட்டியே நின்றது.

நம் நாட்டுக்கு இந்த வாதம் பொருந்தாது. மலேசியப் புள்ளிவிவரத் துறையின் 2022 குடும்பச் செலவினக் கணக்கெடுப்பில், மாதச் செலவில் வீட்டுச் சாப்பாட்டுக்கு 16.3%, உணவகம், தங்குமிடத்துக்கு 16.1%. வெளியே சாப்பிடுகிற நாடு இது, இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும், சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி வருகிறது. இந்த நிலையில் "தரத்துக்குக் கூடக் கொடுங்கள்" என்று செந்தூல் அடுக்குமாடியில் இருக்கிற ஒரு அம்மாவிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் மேக்கி தவறியது வாதத்தில் அல்ல என்பது என் எண்ணம். சம்பளத்தைப் பற்றி ஊழியர் கேட்டால் புத்தகத்தைத் திறந்து காட்டியவர், விலையைப் பற்றி வாடிக்கையாளர் கேட்டபோது விளக்கம் மட்டும் சொன்னார். ஹோல் ஃபுட்ஸின் மொத்த லாப விகிதம், அதாவது விற்ற விலையில் சரக்குச் செலவு போக மிஞ்சுவது, 35% அளவில் இருந்தது, க்ரோகர் போன்ற சாதாரண சூப்பர்மார்க்கெட்டுக்கு அது 22% பக்கம். அந்தக் கூடுதல் இடைவெளிதான் நல்ல சம்பளத்தையும் மருத்துவச் சலுகையையும் குழுப் பங்கையும் தாங்கியது. அதை ஒளிக்க வேண்டிய அவசியமே இல்லை. "நீங்கள் கொடுக்கிற கூடுதல் காசில் இவ்வளவு விவசாயிக்கு, இவ்வளவு கல்லாவில் நிற்கிறவருக்கு" என்று எழுதிப் போட்டிருந்தால் வாடிக்கையாளர் அவர் பக்கம் நின்றிருப்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பதிலாக 2015இல் நடந்தது வேறு. நியூயார்க் நகர நுகர்வோர் துறை, கடையில் முன்கூட்டியே பொட்டலம் போட்ட உணவுகளில் எடை கூட்டி எழுதியிருப்பதாகக் கண்டுபிடித்தது. மேக்கியும் கூட்டுத் தலைவர் வால்டர் ராப்பும் காணொளியில் வந்து தவறு நடந்ததாக ஒப்புக்கொண்டார்கள், 5 லட்சம் டாலருக்கு வழக்கு முடிந்தது. அதே வருடம் செப்டம்பரில் 1,500 வேலைகளைக் குறைப்பதாக அறிவிப்பு வந்தது, விலையைக் குறைக்கவும் நவீனப்படுத்தவும் காசு வேண்டுமாம்.

அந்த அறிவிப்புதான் இந்த நிகழ்வின் முறிவுப் புள்ளி. விலையைக் குறைக்க வேண்டிய நெருக்கடி வந்தவுடன் முதலில் தொட்டது ஆட்களை.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 2017 ஏப்ரலில் ஜானா பார்ட்னர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம் 8%க்கு மேல் பங்கு வாங்கிவிட்டுக் கம்பெனியை விற்கச் சொல்லி நெருக்கியது. ஜூனில் அமேசான் 13.7 பில்லியன் டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. ஆகஸ்ட் 28, கை மாறிய அன்றே விலைக் குறைப்பு: நியூயார்க் கடையொன்றில் ஃபூஜி ஆப்பிள் ஒரு பவுண்டு 3.49 டாலரிலிருந்து 1.99க்கு வந்தது. 2018 நவம்பரில் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 15 டாலர் ஆனது, நல்ல செய்தி. ஆனால் அடுத்த சில மாதங்களில் வேலை நேரம் குறைக்கப்பட்டதாக ஊழியர்கள் சொன்னது பத்திரிகைகளில் வந்தது. 2020 தொடக்கத்திலிருந்து, வாரத்துக்கு 30 மணிக்குக் குறைவாக வேலை செய்கிற சுமார் 1,900 பேருக்கு மருத்துவக் காப்புறுதியும் போனது. 2022இல் மேக்கி விலகினார். 2025 ஜனவரியில் ஃபிலடெல்ஃபியா கடை ஊழியர்கள் சங்கம் அமைக்க வாக்களித்தார்கள். முதலாளி மாறினால் என்ன என்ற கேள்விக்கு அவர்களே பதில் எழுதிக்கொண்டார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒருவரை வைத்துப் பார்க்காமல் இந்த ஆய்வு முழுமையாகாது. உறுப்பினர் கட்டணம் கட்டியவர்களுக்கு மட்டும் விற்கிற அமெரிக்கக் கடைத்தொடரான காஸ்ட்கோவை 1983இல் ஜெஃப்ரி பிராட்மேனோடு சேர்ந்து தொடங்கிய ஜிம் சினகல்தான் அவர். அவருடைய விதி எளிமையானது: வாங்கின விலைக்கு மேல் 14% வரைதான் வைக்கலாம், சொந்தப் பெயரில் விற்கும் சரக்குக்கு 15%. அதற்கு மேல் லாபம் கிடைக்கிற வாய்ப்பு வந்தாலும் எடுக்கக்கூடாது. ஹாட் டாக்கும் ஒரு கோப்பை பானமும் சேர்த்து 1980களின் நடுவிலிருந்து 1.50 டாலர்தான். பங்குச்சந்தை ஆட்கள் "ஊழியருக்கு அதிகம் கொடுக்கிறீர்கள்" என்று குறை சொன்னபோது, அனுபவமுள்ள ஆள் நிலைத்து நின்றால் செலவு குறையும் என்று சொல்லி அவர் மாறவில்லை. சூப்பர்மார்க்கெட்டில் பல்லாயிரம் வகை இருக்கும் இடத்தில் காஸ்ட்கோவில் 4,000 வகைகூட இல்லை. லாபத்தில் பெரும்பகுதி உறுப்பினர் கட்டணத்திலிருந்து வருகிறது. அதாவது, விலை வரம்பை முதலில் ஊரறியச் சொல்லிவிட்டார், அப்புறம் அந்த வரம்புக்குள் நல்ல சம்பளம் கொடுக்க என்ன வழி என்று கடையை அதற்கேற்ப அமைத்தார். மேக்கி நல்ல வேலையிடத்தை முதலில் கட்டினார், அதைத் தாங்குகிற விலையை வாடிக்கையாளரோடு பேசி முடிக்கவில்லை.

நம் கடைக்கு வருவோம்

முதலில் அந்த "இயற்கை விதி"யைக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். ஐந்து ஊழியர் உள்ள ஒரு கடை. எல்லாரும் 1,500 வாங்கி 1,700 ஆனால், தலைக்கு 200 ரிங்கிட், முதலாளி கட்டும் சேமநிதி 13% சேர்த்தால் 226. ஐந்து பேருக்கு மாதம் 1,130 ரிங்கிட். சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புச் சந்தா தனி, அது சிறு தொகை. கடையின் மாத விற்பனை 80,000 என்று வைத்துக்கொண்டால், கூடிய சம்பளம் முழுவதையும் விலையிலேயே ஏற்றினாலும் ஒரு ரிங்கிட்டுக்கு ஒன்றரைக் காசு வராது. 10 ரிங்கிட் பொருளுக்கு 15 காசுக்கும் குறைவு. ஆனால் அலமாரியில் ஏறினது எவ்வளவு, காரணமாகச் சொன்னது எது என்று அவரவர் கடை ரசீதை எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

விலையை உண்மையில் ஆட்டுகிறவை வேறு. 2023 ஆகஸ்ட் 25இல் இந்தியா புழுங்கல் அரிசி ஏற்றுமதிக்கு 20% வரி போட்டது. செப்டம்பர் 1இல், மலேசியாவில் அரிசி இறக்குமதி உரிமை வைத்திருக்கிற பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ஆக்கியது. டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியையே நிறுத்தி, 2024 மே மாதம்தான் திறந்தது. நம் வீடுகளில் பொன்னி அரிசியும் வெங்காயமும் இல்லாமல் ஒரு வேளை ஓடாது. அந்த மாதங்களில் நான் தினமும் பார்த்த காட்சி, கல்லாவில் நிற்கிற பிள்ளையிடம் வாடிக்கையாளர்கள் சண்டை போடுவது. "போன வாரம் ஒரு விலை, இந்த வாரம் ஒரு விலையா?" என்ற கேள்விக்கு அந்தப் பிள்ளை என்ன சொல்லும்? வாங்கின விலை அதற்குத் தெரியாது, வரி வந்தது தெரியாது, "பாஸ் போட்ட விலை ஆன்ட்டி" என்பதைத் தவிர அதற்கு வேறு வார்த்தை இல்லை. 2024 அக்டோபரில் அந்தப் புழுங்கல் அரிசி வரி முழுதாக நீங்கியபோது "இன்னும் ஏன் இறங்கவில்லை?" என்று கேட்டார்கள், அதற்கும் அதே பிள்ளைதான் நின்று திட்டு வாங்கியது. வேலையிடம் நன்றாக இருக்க வேண்டும் என்று பேசுகிறவர்கள் இந்த இடத்தைப் பார்ப்பதே இல்லை. விலை தெரியாமல் விலைக்குப் பதில் சொல்ல வைப்பது ஒரு கொடுமை, மளிகைக் கடையில் ஆள் நிற்காததற்கு இதுவும் ஒரு பெரிய காரணம்.

அதனால் நான் கேட்பது இரண்டையும் சேர்த்துத் திறக்க. எல்லாப் பொருளுக்கும் தேவையில்லை. பொன்னி, பருப்பு, வெங்காயம், எண்ணெய், கோதுமை மாவு, இந்த ஐந்துக்கு மட்டும் வாங்கின விலைக்கு மேல் எவ்வளவு வைக்கிறோம் என்று ஒரு வரம்பைக் கடை முடிவு செய்து, அதை ஊழியர்களுக்குச் சொல்லி, ஒரு பலகையில் எழுதிப் போடலாம். அரிசியில் பெரிய லாபம் எந்தக் கடைக்காரரும் வைப்பதில்லை, ஆள் வர வைக்கிற பொருள் அது. சம்பாத்தியம் மசாலாவிலும் பூசைச் சாமானிலும் பலகாரத்திலும்தான் இருக்கிறது. ஆக, எழுதிப் போடுவதில் இழப்பு குறைவு. சம்பளத்தில், ஒவ்வொருவர் தொகையையும் காட்டப் பலர் தயங்குவார்கள், சரி, சம்பளப் படிநிலையையாவது காட்டலாம்: சேர்ந்தால் எவ்வளவு, மூன்று வருடத்தில் எவ்வளவு, கல்லா பொறுப்புக்கு எவ்வளவு, ஸ்டோர் பொறுப்புக்கு எவ்வளவு.

இதை பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மூத்த கடைக்காரரிடம் சொன்னேன். "எழுதிப் போட்டால் பக்கத்துக் கடைக்காரன் பத்து காசு குறைத்துப் போடுவான் தம்பி, நான் என்ன செய்ய?" என்றார்.

"அவர் இப்போதும் அதைத்தான் செய்கிறார் அண்ணே. உங்கள் விலை அலமாரியில் ஒட்டித்தானே இருக்கிறது?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "சப்ளையர் கொடுக்கிற தள்ளுபடியை என்ன செய்வது, அதையும் எழுத வேண்டுமா?" என்று கேட்டார். இது நியாயமான கேள்வி. மொத்த வியாபாரி முப்பது நாள் கடனுக்கு ஒரு விலையும் ரொக்கத்துக்கு ஒரு விலையும் வைக்கிறார், வருடக் கடைசியில் தனியாகக் கழிவும் தருகிறார். வாங்கின விலை எது என்பதிலேயே இப்படி மூன்று எண் வருகிறது. ரசீதில் உள்ள விலையை மட்டும் அடிப்படையாக வைத்துக்கொள்ளலாம், கழிவு கடைக்காரருக்கே இருக்கட்டும் என்பது என் கருத்து. அவர் அதற்கு ஒத்துக்கொண்டார், சம்பளப் படிநிலைக்கு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. "பழைய ஆட்கள் வந்து கேட்பார்களே" என்கிறார். கேட்கத்தான் வேண்டும், அவர்களுக்குப் பதில் சொல்ல முடியாத சம்பளம் எது என்று அப்போதுதான் அவருக்கே தெரியும்.

தொடங்குவதற்குத் தீபாவளிக் காலம் வசதி. பண்டிகைக் கால அதிகபட்ச விலைத் திட்டத்தில் அமைச்சு அறிவிக்கிற பொருள்களுக்கு இளஞ்சிவப்பு விலைச் சீட்டு ஒட்டியே ஆக வேண்டும், அறிவித்த விலைக்கு மேல் விற்றால் தனிக் கடைக்காரருக்கு 1 லட்சம் ரிங்கிட் வரையும் கம்பெனிக்கு 5 லட்சம் வரையும் அபராதம் போக சட்டத்தில் இடமிருக்கிறது. அந்தச் சில நாள்களில் பட்டியல் பொருள்களின் விலை எப்படியும் எல்லாக் கடையிலும் ஒரே வரம்புக்குள் வந்துவிடுகிறது, பத்து காசு போட்டி அடங்கிவிடுகிறது. வாங்கின ரசீதின் நகலை அந்த வாரம் கல்லாவின் பக்கத்தில் ஒட்டி வைத்து, வருகிறவர்களுக்குக் காட்டிப் பதில் சொல்ல அந்தப் பிள்ளைக்கு அனுமதி கொடுத்தால் போதும். பிரிக்ஃபீல்ட்ஸ் அண்ணன் வெங்காயத்துக்கும் பருப்புக்கும் மட்டும் செய்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.